கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி: படிப்பு பற்றியும் பாடத்துக்கு வெளியே உள்ளவை பற்றியும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் பகலில் கணக்குப் பாடம் எடுத்து, மாலையில் விவாத மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் நான். சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் பெற்றோர் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளோடு வருவார்கள். பாதிக் கேள்விகள் தேர்ச்சியைப் பற்றி இருக்கும். மீதி, "சாயங்காலம் வரை பிடித்து வைத்தால் எப்போது படிப்பான்?" என்பதாக இருக்கும். இவை இரண்டையும் வேறு வேறு விஷயமாக நினைப்பதில்தான் சிக்கல் என்பது என் கருத்து. இந்த மரபில் வகுப்பறையும் மைதானமும் மேடையும் ஒரே நோக்கத்துக்காக உண்டானவை. கேட்கப்படும் கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை நேரடியாகப் பதில் சொல்கிறேன்.

கத்தோலிக்கப் பள்ளி என்று எதைச் சொல்கிறோம்? புனிதர் பெயர் இருந்தால் போதுமா?

போதாது. 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 803-ஆம் பிரிவு இதை வரையறுக்கிறது. ஒரு பகுதியின் திருச்சபைத் தலைவரான ஆயரின் பொறுப்பிலோ, துறவியர் கூடி வாழும் துறவற சபை போன்ற ஒரு திருச்சபை அமைப்பின் பொறுப்பிலோ நடக்கும் பள்ளி கத்தோலிக்கப் பள்ளி. அப்படி இல்லாவிட்டால், திருச்சபை அதிகாரி எழுத்து மூலம் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். உரிய இசைவு இல்லாமல் எந்தப் பள்ளியும் அந்த அடைமொழியைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய பிரிவு 806. அந்த வட்டாரத்திலுள்ள மற்றப் பள்ளிகளுக்குக் குறையாத கல்வித் தரம் கத்தோலிக்கப் பள்ளியில் இருப்பதை நிர்வாகிகள் உறுதிசெய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. "ஒழுக்கம் நன்றாக இருக்கிறது, படிப்பு கொஞ்சம் முன்னே பின்னே" என்று ஒரு பள்ளி சமாதானம் சொன்னால், அது திருச்சபை தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டப்படியே குறைதான்.

இன்னொரு விஷயம். வகுப்புக்கு வகுப்பு பாதரும் சிஸ்டரும் நிற்பார்கள் என்று எதிர்பார்த்து வருபவர்கள் உண்டு. இன்று பெரும்பாலான இடங்களில் பாடம் எடுப்பவர்கள் குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரான ஆசிரியர்கள்தான்.

நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. பிள்ளையைச் சேர்க்கலாமா? மதம் மாறச் சொல்வார்களா?

சேர்க்கலாம். உலகின் பல பகுதிகளில் கத்தோலிக்கப் பள்ளிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் வேறு சமயத்தவர். உலகெங்குமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, இப்படிக் கத்தோலிக்கர் அல்லாத மாணவர்களும் படிக்கும் பள்ளிகளைத் திருச்சபை பெரிதும் நேசிப்பதாகவே சொல்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 7-ல் வந்த சமயச் சுதந்திர அறிக்கை, நம்பிக்கை விஷயத்தில் யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று தெளிவாக்கியது.

நடைமுறையில் பார்த்தால், காலை வணக்கத்தில் செபம் இருக்கும், முக்கிய நாட்களில் திருப்பலி என்ற வழிபாடு இருக்கும். வேறு சமயப் பிள்ளைகள் மரியாதையாக அமர்ந்திருந்தால் போதும். அதில் கத்தோலிக்கர் பெறும் திரு அப்பமான நற்கருணையை வாங்க வரிசையில் போகத் தேவையில்லை. சமயப் பாடம் எல்லோருக்கும் உண்டா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். சமயத்தைப் பற்றிய அறிவைத் தரும் பாடம் வேறு, நம்பிக்கையில் வளர்க்கும் மறைக்கல்வி வேறு என்று 1988-ல் வத்திக்கானில் கல்விக்குப் பொறுப்பான அலுவலகமான கல்விப் பேராயம் பிரித்துக் காட்டியது. உங்கள் பிள்ளை உட்காரப் போவது எந்த வகுப்பில் என்று சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள். வெளிப்படையாகப் பதில் சொல்லாத பள்ளியில் எனக்கு நம்பிக்கை வராது.

பாடத்திட்டம் மற்றப் பள்ளிகளிலிருந்து வேறுபடுமா?

பொதுத் தேர்வுக்கான பாடங்கள் அந்தந்த நாட்டில் எல்லோருக்கும் உள்ளவைதான். கூடுதலாக வருவது சமயப் பாடம். மேல் வகுப்புகளில் சில பள்ளிகள் அறவியல், தத்துவம், திருச்சபையின் சமூகப் போதனை ஆகியவற்றையும் சேர்க்கும்.

இந்தச் சமூகப் போதனைதான் பலரும் எதிர்பார்க்காத பகுதி. 1891-ல் திருத்தந்தை (போப்பாண்டவர்) 13-ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடல், நியாயக் கூலியையும் தொழிலாளர் சங்கம் வைக்கும் உரிமையையும் பேசியது. 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதியது பருவநிலை மாற்றத்தையும் ஏழை நாடுகள் சுமக்கும் பாரத்தையும் பற்றியது. நன்றாக நடத்தும் ஆசிரியர் கையில் இவை பொருளாதார வகுப்போடும் புவியியல் வகுப்போடும் இயல்பாகச் சேர்ந்துவிடும். மோசமாக நடத்தினால் மனப்பாடக் கேள்வி பதிலாகத்தான் போகும். அதனால் சமயப் பாடம் உண்டா என்று கேட்பதோடு, யார் எடுக்கிறார், அதற்குப் பயிற்சி பெற்றவரா என்றும் கேளுங்கள்.

அறிவியல் பாடத்தில் பரிணாமம், பெருவெடிப்பு எல்லாம் சொல்லித்தருவார்களா?

சொல்லித்தருவார்கள். பாடத்திட்டத்தில் இருக்கிறபடியே, முழுமையாக. இந்தக் கேள்வியை ஒருவித தயக்கத்தோடு கேட்கிறார்கள். ஆனால் இதற்குச் சொல்ல மகிழ்ச்சியான பதில் இருக்கிறது.

பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர் ஜார்ஜ் லமேத்ர் என்ற பெல்ஜியக் குரு. சார்லரோவா நகரில் இயேசு சபை என்ற துறவற சபையினர் நடத்திய பள்ளியில் படித்தவர். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்ற ஆய்வை 1927-ல் வெளியிட்டார். 1931-ல், எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை. அவருடைய கோட்பாட்டைக் கடவுளின் படைப்புக்குச் சான்றாகக் காட்டும் போக்கு தலைதூக்கியபோது, குருவான அவரே அதை விரும்பவில்லை. இயற்பியல் தன் கேள்விகளுக்குத் தன் வழியிலேயே பதில் தேட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

பட்டாணிச் செடிகளை வைத்து மரபியலின் விதிகளைக் கண்ட கிரெகோர் மெண்டல் அகுஸ்தீனார் சபைத் துறவி. 1866-ல் தன் ஆய்வை வெளியிட்ட அவர், அதற்கு முன் பள்ளி ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாமல் போனவர். மதிப்பெண் குறைந்த வாரங்களில் என் வகுப்பில் இந்தத் தகவல் நன்றாகவே பயன்படும். பரிணாமத்தைப் பொறுத்தவரை, அது வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-ல் திருத்தந்தை 2-ஆம் ஜான் பால், திருச்சபையின் அறிவியல் கழகத்துக்கு அனுப்பிய செய்தியில் சொன்னார்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கலிலேயோவை 1633-ல் திருச்சபை தண்டித்ததையும் வகுப்பில் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தவறு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது 1992-ல்தான். மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்கிற பள்ளியில்தான் பிள்ளைகள் அறிவியலையும் நம்பிக்கையையும் நேர்மையாகக் கற்பார்கள்.

எந்தச் சபை நடத்துகிறது என்பதில் பெரிய வித்தியாசம் உண்டா?

உண்டு. தேர்வுத் தாளில் தெரியாது, பள்ளியின் நடை உடையில் தெரியும்.

இயேசு சபையின் முதல் பெரிய பள்ளி 1548-ல் சிசிலியின் மெசினா நகரில் தொடங்கியது. 1599-ல் அவர்கள் தங்கள் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு கல்வி விதிநூலை வெளியிட்டார்கள். பாடத்தை ஆசிரியர் முதலில் அறிமுகப்படுத்துவது, மாணவர் கேட்டதைத் தன் வாயால் திரும்பச் சொல்வது, பிறகு எதிரெதிர் அணியாக வாதிடுவது என்று ஒரு வகுப்பு எப்படி நகர வேண்டும் என்பதை அது வகுத்தது. இதில் "திரும்பச் சொல்வது" இன்றைக்கும் கணக்கு வகுப்பில் ஈடு இணையற்ற கருவி. கரும்பலகையைப் பார்த்துத் தலையாட்டிய பிள்ளையிடம், "இப்போது பலகையை அழித்துவிட்டேன், இந்த இரண்டாவது வரி எப்படி வந்தது என்று பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்" என்று சொல்லிப் பாருங்கள். புரிந்தது எது, புரியாதது எது என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சலேசியப் பள்ளிகளின் முகம் வேறு. டூரின் நகரத் தெருக்களில் வேலை தேடி அலைந்த இளைஞர்களை 1840-களில் ஒன்றுசேர்த்தவர், சலேசிய சபையை நிறுவிய தொன் போஸ்கோ. சிறுவயதில் கயிற்றின் மேல் நடந்தும் வித்தை காட்டியும் பிள்ளைகளைக் கூட்டி, அதோடு செபமும் சொல்லிக்கொடுத்தவர் அவர். வீடு, ஆலயம், பள்ளி, மைதானம் நான்கும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பது இன்றும் சலேசியரின் அடிப்படை. ஆசிரியர் இடைவேளையில் ஆசிரியர் அறைக்குள் போய்விடாமல் மைதானத்தில் பிள்ளைகளோடு நிற்பது அங்கே கடமையின் ஒரு பகுதி.

லசால் சகோதரர்கள் ஏழைப் பிள்ளைகளின் தினசரிக் கல்வியை ஒழுங்குபடுத்தியவர்கள். 17-ஆம் நூற்றாண்டு பிரான்சில் லத்தீனை விட்டுத் தாய்மொழியில் பாடம் நடத்தினார்கள், ஆசிரியர் பயிற்சிக்கென்றே பள்ளி வைத்தார்கள். அவர்களை நிறுவிய ஜான் பாப்டிஸ்ட் தெ லசாலை 1950-ல் ஆசிரியர்களின் பாதுகாவலராகத் திருத்தந்தை அறிவித்தார். பெண் கல்வி என்றால் 1535-ல் ஏஞ்சலா மெரிச்சி தொடங்கிய உர்சுலைன் சபையையும், ஆண்களைப் போலப் பெண்களும் பெரிய காரியங்கள் செய்ய முடியும் என்று பேசிய மேரி வார்டையும் சொல்ல வேண்டும். மேரி வார்டின் சபையை 1631-ல் திருத்தந்தையே கலைத்தார். ஆனாலும் அவர் வழியில் வந்த சகோதரிகளின் பள்ளிகள் இன்று பல கண்டங்களில் நடக்கின்றன.

ஓர் ஆயரின் நிர்வாகப் பகுதியான மறைமாவட்டம் நேரடியாக நடத்தும் பள்ளிகளும் ஏராளம். அங்கே அந்தப் பகுதி மக்களின் ஆலயமான பங்குக் கோயிலோடு நெருக்கம் அதிகம், சபைக்கே உரிய தனி முத்திரை குறைவு.

ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?

காலை வணக்கம், பாடவேளைகள், இடைவேளை, மாலையில் மன்றங்கள் அல்லது விளையாட்டு. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுதான் உண்டு. இயேசு சபைப் பள்ளிகள் பலவற்றில் ஒரு நாளின் நடுவே சில நிமிடம் ஆன்ம ஆய்வுக்கு ஒதுக்குவார்கள். மணி அடிக்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒருவர் மெதுவாகக் கேள்விகளை வாசிப்பார்: இன்று காலையிலிருந்து எதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது? யாரிடம் கடுமையாக நடந்துகொண்டேன்? மீதி நாளில் எதை மாற்றலாம்? பதிலை யாரிடமும் சொல்ல வேண்டாம். வேறு சமயப் பிள்ளைகளுக்கும் இது ஒத்துப்போகிறது. மதியத்துக்குப் பிந்தைய கணக்கு வகுப்புக்கு முன்னால் இது நடந்தால் வகுப்பே வேறு மாதிரி இருக்கும் என்பது நான் கண்டது.

பாடத்துக்கு வெளியே என்னவெல்லாம் இருக்கும்?

விளையாட்டு, பாடகர் குழு, இசைக்குழு, நாடகம், விவாத மன்றம், பள்ளி இதழ், அறிவியல் மன்றம், சாரணர் என்று பொதுவாக எல்லாப் பள்ளிகளிலும் இருப்பவை இருக்கும். திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடப் பணியாளர் குழு, செபமும் பணியும் செய்யும் மரியாயின் சேனை, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தெ பவுல் சபையின் இளையோர் கிளை, இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் போன்றவை கத்தோலிக்கப் பள்ளிகளில் கூடுதலாக.

இவை பிற்காலத்தில் ஒட்டவைத்த அலங்காரம் அல்ல. 1563-ல் ரோமாபுரி இயேசு சபைக் கல்லூரியில் ழான் லெனி என்ற இளம் ஆசிரியர், வகுப்பு முடிந்த பிறகு மாணவர்களைக் கூட்டி மரியன்னை சபை என்ற ஒன்றை ஆரம்பித்தார். செபிப்பார்கள், வாரம் முழுவதும் நடந்ததைப் பேசுவார்கள், ஏழைகளுக்கு உதவுவார்கள். அங்கிருந்து அது உலகம் முழுவதும் பள்ளிகளில் பரவியது. நாடகமும் அப்படித்தான். 1599 விதிநூல் நாடகத்தைக் கட்டுப்பாட்டோடுதான் அனுமதித்தது. அரிதாக நடத்த வேண்டும், லத்தீனில் இருக்க வேண்டும், கதை பக்திக்குரியதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி. பள்ளிகள் அந்த எல்லையை மீறி, ஆடை, இசை, நடனம், மேடை இயந்திரங்கள் என்று ஐரோப்பாவே பேசும் அளவுக்கு நாடகத்தை வளர்த்தன. ஒரு மாணவன் பலர் முன் நின்று தடுமாறாமல் பேச வேண்டும் என்பது அவர்களுக்குப் பாடத்தின் குறிக்கோளாகவே இருந்தது. மேடை அதற்கான பயிற்சிக் களம்.

என் விவாத மன்றத்தில் ஒரு விதி வைத்திருக்கிறேன். எதிரணி சொன்னதை மறுப்பதற்கு முன், அதை உன் வார்த்தையில் சொல்ல வேண்டும். "ஆமாம், நான் சொன்னது அதுதான்" என்று எதிரணி ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்கலாம். முதல் சில வாரங்கள் பிள்ளைகளுக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு பெண் மூன்று முறை சொல்லியும் எதிரணி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. நான்காவது முறை, "ஓ, நீங்கள் தடை வேண்டும் என்று சொல்லவில்லை, முதலில் எச்சரிக்கை வேண்டும் என்கிறீர்களா?" என்று கேட்டாள். அவளுடைய குறிப்புத் தாளில் பாதி அப்போதே பயனற்றுப் போனது. மீதிப் பாதியை வைத்து அவள் பேசியது அந்த ஆண்டின் சிறந்த பேச்சு. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தன் "ஆன்மிகப் பயிற்சிகள்" நூலின் தொடக்கத்திலேயே, பிறர் சொன்னதைக் கண்டிக்க அவசரப்படாமல் முதலில் நல்ல பொருளில் எடுத்துக்கொள்ளப் பார் என்று எழுதிவைத்திருக்கிறார்.

இதிலெல்லாம் சேர்ந்தால் படிப்பு கெடாதா? பொதுத் தேர்வு ஆண்டில் நிறுத்திவிடலாமா?

இதுதான் அதிகம் கேட்கப்படுவது. என் பதிலை ஒளிக்காமல் சொல்கிறேன்: முழுவதுமாக நிறுத்த வேண்டாம்.

அளவு மீறினால் நிச்சயம் கெடும். ஐந்து மன்றத்தில் பெயர் கொடுத்து ஒன்றிலும் ஊன்றி நிற்காத பிள்ளையை எல்லாப் பள்ளியிலும் பார்க்கலாம். வருடம் முழுவதும் தொடரும் ஒன்று, சில மாதம் மட்டும் நடக்கும் ஒன்று, இந்த இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது நான் பெற்றோருக்குச் சொல்லும் கணக்கு. பொதுத் தேர்வு ஆண்டில் அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் போட்டிக்கோ ஊர்ப் பயணத்துக்கோ போகாமல், பயிற்சிக்கு மட்டும் வந்து போனால் போதும்.

ஏன் முழுவதும் நிறுத்தக் கூடாது என்றால், மாலை நான்கு மணியிலிருந்து இரவு வரை காலியாகக் கிடக்கும் நேரம் அப்படியே படிப்புக்குப் போவதில்லை. ஒரு மணி நேரம் ஓடி விளையாடிவிட்டு வருகிறவன் ஏழு மணிக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தே வருகிறான். அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிவிட்டால், அவன் அதைவிட அதிகமாகக் கைப்பேசியிலோ சோர்விலோ இழந்துவிடுகிறான். 1599 விதிநூலே வாரந்தோறும் மாணவர்களுக்கு ஓய்வு நேரம் விட வேண்டும் என்று விதித்தது. அன்றைய கண்டிப்பான ஆசிரியர்களுக்கே இது தெரிந்திருந்தது.

குறைக்க வேண்டிய நேரம் எது என்பதைத் தூக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள். வீட்டுப்பாடத்துக்காகத் தினமும் தூக்கம் வெட்டுப்படுகிறது என்றால் ஏதோ ஒன்றை விட வேண்டும். ஒரு மாதத் தேர்வில் மதிப்பெண் இறங்கியதற்காக மட்டும் உடனே மன்றத்திலிருந்து இழுத்துவிட வேண்டாம். எந்தப் பாடத்தில், எந்த அத்தியாயத்தில் இறங்கியது என்று முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். பல நேரம் அது இரண்டு அத்தியாயத்தின் பிரச்சினையாகத்தான் இருக்கும்.

தேர்வு ஆண்டு என்று சொல்லி மைதானத்தையும் மேடையையும் பூட்டிவிடும் கத்தோலிக்கப் பள்ளிகளும் உண்டு. அவை தங்கள் மரபின் வேரையே வெட்டுகின்றன என்று நான் நினைக்கிறேன்.

கட்டாயச் சேவை நேரம் என்கிறார்களே, கட்டாயமாகச் செய்தால் அது சேவையா?

நியாயமான கேள்வி. பல பள்ளிகள் ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் முதியோர் இல்லத்திலோ, மாலைநேரப் பாட வகுப்பிலோ, உணவு வழங்குமிடத்திலோ உதவ வேண்டும் என்று வைத்திருக்கின்றன. இதன் பின்னணியில் ஒரு முக்கியமான உரை இருக்கிறது. 1973-ல் ஸ்பெயினின் வாலன்சியா நகரில், இயேசு சபையின் அப்போதைய தலைவர் பேத்ரோ அருப்பே பழைய மாணவர்கள் முன் பேசினார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே நம் பள்ளிகளின் வேலை என்றார். அதோடு, நீதிக்காக நிற்க உங்களுக்கு நாங்கள் கற்றுத்தந்தோமா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். வசதியான குடும்பத்துப் பழைய மாணவர்கள் பலருக்கு அது கசந்தது.

மணிக்கணக்கை மட்டும் நிரப்பும் சேவையால் பயன் இல்லை. ஆனால் கட்டாயம் என்பது கதவைத் திறக்க உதவும். உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். எங்கள் மாணவர்கள் முதியோர் இல்லத்துக்குப் போய் வந்தால் குறிப்பேட்டில் முதலில் எழுத வேண்டியது, தாங்கள் பேசிய ஒருவரின் பெயரும் அவர் செய்த வேலையும். "முதியவர்களுக்கு உதவினோம்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். தையல்காரராக இருந்தவர், ரயில் ஓட்டியவர், ஆறு பிள்ளைகளை வளர்த்தவர் என்று எழுதத் தொடங்கியதும் பிள்ளைகளின் கேள்விகள் மாறுகின்றன. "அவருக்கு ஏன் ஓய்வூதியம் இல்லை?" என்ற கேள்வி ஒருமுறை அப்படித்தான் வந்தது. அடுத்த இரண்டு சமயப் பாட வகுப்புகள் அதிலேயே போயின.

பெல்ஜியக் குரு ஜோசப் கார்டைன் தொழிலாளர் இளைஞர்களுக்காக வகுத்த "பார், சீர்தூக்கு, செயல்படு" என்ற முறை மாணவர் இயக்கங்களுக்கும் அடித்தளமானது இதனால்தான். 1833-ல் பாரிசில் வின்சென்ட் தெ பவுல் சபையை நண்பர்களோடு தொடங்கியபோது பிரடெரிக் ஒசானாமுக்கு வயது 20, அவரும் மாணவர்தான் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

தியானம் என்றால் என்ன நடக்கும்?

ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாளோ, மேல் வகுப்புகளுக்கு இரண்டு மூன்று நாளோ, வழக்கமான வகுப்பை விட்டு அமைதியில் இருப்பது. சிறு உரைகள், தனியாக யோசிக்க நேரம், குழுவாகப் பேச்சு, விரும்பும் கத்தோலிக்க மாணவர்களுக்கு, குருவிடம் தவறுகளை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம். கைப்பேசி வாங்கி வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் முதல் அரை நாள் நெளிவார்கள், பிறகு பழகிவிடுவார்கள். தன் மனதில் இருப்பதைப் பகிர விருப்பமில்லாத பிள்ளையை அழுத்திப் பேசவைக்கக் கூடாது. அதை மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கண்டிப்பு அதிகமா? அடிப்பார்களா?

பழைய தலைமுறையினர் பலர் பிரம்படிக் கதையோடுதான் வருகிறார்கள். அது நடந்ததுதான். ஆனால் அதை மரபு என்று யாராவது நியாயப்படுத்தினால் ஏற்க வேண்டாம். தொன் போஸ்கோ 1877-ல் எழுதிய தடுப்பு முறை பற்றிய சிறு கட்டுரை, அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றின் மேல் ஒழுங்கை நிறுத்துகிறது. தவறு நடந்த பிறகு தண்டிப்பதைவிட, நடக்கும் முன்பே பிள்ளையோடு கூட நிற்பது ஆசிரியரின் வேலை என்கிறது. நேரம், சீருடை, மரியாதை விஷயத்தில் கத்தோலிக்கப் பள்ளிகள் கறாராக இருப்பது உண்மை. உடல்ரீதியான தண்டனைக்கு எந்தப் பள்ளியிலும் இடம் இருக்கக் கூடாது.

பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றித் தைரியமாகக் கேட்கலாமா?

கேட்டே ஆக வேண்டும். திருச்சபை நிறுவனங்களில் சிறுவர்களுக்கு எதிராக நடந்த பாலியல் கொடுமைகளும், அவை மூடி மறைக்கப்பட்டதும் பல நாடுகளில் விசாரணைகள் மூலம் வெளிவந்திருக்கின்றன. சிறார் பாதுகாப்புக்கென 2014-ல் வத்திக்கானில் ஓர் ஆணையம் அமைந்தது. புகார்களை மறைக்காமல் தெரிவிக்கும் கடமையைக் குருக்கள் மீதும் துறவியர் மீதும் சுமத்தும் விதிகள் 2019-ல் வந்தன. பள்ளி அளவில் நீங்கள் கேட்க வேண்டியவை எளியவை. எழுத்து வடிவில் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா? புகார் சொல்ல யாரிடம் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரியுமா? புகார் வந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பார்களா? ஆலோசனை அறைக் கதவில் கண்ணாடி இருக்கிறதா? வெளியூர்ப் போட்டிக்கும் தியானத்துக்கும் போகும்போது எத்தனை பெரியவர்கள் கூடப் போகிறார்கள்? இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் பள்ளி வேண்டாம்.

என் பிள்ளை கூச்ச சுபாவம். சுமாராகத்தான் படிப்பாள். இந்தப் பள்ளியில் எடுபடுவாளா?

பள்ளியைப் பொறுத்தது. ஒரே பிள்ளைகளே கால்பந்து அணியிலும் நாடகத்திலும் மாணவர் தலைமையிலும் இருந்தால் அந்தப் பள்ளி கோப்பைக்காக மட்டும் நடக்கிறது என்று அர்த்தம். நாடகத்தில் வசனம் பேசத் தயங்கும் பிள்ளைக்கு ஒளி அமைப்பு இருக்கிறது. வசனத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் எப்போதும் வேண்டும். திருப்பலிக்குப் பொருட்களை எடுத்து வைப்பது, பாடகர் குழுவின் பாட்டுத் தாள்களை வரிசைப்படுத்துவது, விவாதத்தில் நேரம் பார்த்து மணி அடிப்பது எல்லாம் பொறுப்புகள்தான். என் மன்றத்தில் மணி அடித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் எல்லோருடைய வாதத்தையும் கேட்டுக் கேட்டு, கடைசியில் யாரும் கேட்காமலே பேச எழுந்தான்.

படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு எப்போது, யார், எத்தனை பேர் கொண்ட குழுவில் கூடுதல் வகுப்பு எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். "கவனித்துக்கொள்கிறோம்" என்ற பொதுவான பதிலோடு எழுந்து வராதீர்கள்.

ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி என்று தனித்தனியாகத்தான் இருக்குமா?

பழைய பள்ளிகள் பல அப்படித் தொடங்கின, சில இன்றும் அப்படியே தொடர்கின்றன. இருபாலர் பள்ளிகளும் ஏராளம். இதில் எது மேல் என்று பொதுவாகச் சொல்ல மாட்டேன்.

கட்டணம் கட்ட முடியாவிட்டால்?

கூச்சப்படாமல் கேளுங்கள். 1597-ல் ரோமின் திரஸ்தேவரே பகுதியில் ஜோசப் கலசான்ஸ் ஏழைச் சிறுவர்களுக்கென இலவசப் பள்ளி திறந்த நாளிலிருந்து, ஏழைக்கு இடம் தருவது இந்த மரபின் உயிர்நாடி. அரசு உதவி கிடைக்கும் நாடுகளில் சுமை குறைவு. கிடைக்காத இடங்களில் பழைய மாணவர் சங்கம், பங்குக் கோயில், சபையின் உதவி நிதி என்று வழிகள் இருக்கலாம். சிகாகோவில் 1996-ல் தொடங்கிய கிறிஸ்தோ ரே இயேசு சபைப் பள்ளி வேறு ஒரு வழி கண்டது. அங்கே ஒவ்வொரு மாணவரும் மாதத்தில் சில நாட்கள் ஒரு நிறுவனத்தில் தொடக்கநிலை வேலை செய்கிறார். அந்த ஊதியம் கல்விச் செலவின் பெரும் பகுதிக்குப் போகிறது. அந்த முறையைப் பின்பற்றி அமெரிக்காவில் வேறு பல பள்ளிகளும் வந்துவிட்டன.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காலையில் போகாமல், கடைசி மணி அடிக்கும் நேரத்துக்குப் போங்கள். மணி அடித்த கால் மணி நேரத்தில் வளாகம் காலியாகிவிடுகிறதா, அல்லது ஒரு பக்கம் பந்தும் இன்னொரு பக்கம் பாட்டும் கேட்கிறதா என்று பாருங்கள். நூலகம் திறந்திருக்கிறதா? ஆசிரியர்கள் யாராவது மைதானத்தில் நிற்கிறார்களா?

உங்களைச் சுற்றிக் காட்ட அனுப்பும் மாணவர் பெரும்பாலும் பள்ளியின் சிறந்த மாணவராக இருப்பார். அவரிடம் கேட்பதைவிட, வாசலில் பேருந்துக்குக் காத்திருக்கும் இரண்டு பேரிடம், பெற்றோர் முன்னிலையிலோ ஆசிரியர் முன்னிலையிலோ, "நீங்கள் எந்த மன்றத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். தலைமை ஆசிரியரிடம் முதல் மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதற்குப் பதில், கடைசி வரிசையில் தேறியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். சமயப் பாடப் புத்தகத்தையும் இந்த ஆண்டின் நிகழ்ச்சி அட்டவணையையும் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். அட்டவணையில் தேர்வு வாரங்களுக்கு நடுவே நாடகம் எங்கே இருக்கிறது, சேவை நாள் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

போவதற்கு முன் அலுவலகத்தில் சொல்லி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் முன் அனுமதி இல்லாத ஆளை, பெற்றோரே ஆனாலும், வாசலில் நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். அப்படி நிறுத்தினால் அதையும் உங்கள் குறிப்பில் நல்லதாக எழுதிக்கொள்ளுங்கள்.